வேண்டாங்க என்று சொல்லித் தொலைத்தேன்

இஸ்ஃபந்த் 26, சனி

ஐம்பத்து மூன்று வயதாகிறது. இருபத்தாறு வருடமாக ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஊர் முழுவதற்கும் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறேன். எங்கள் அஸ்னா ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு என்று என்னைக் கேட்டால் போதும். இத்தனை தெரிந்த எனக்கு, ஒரு மனுஷன் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது ஆத்திரம் அடங்குகிறதா பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை மலை நடை. வழக்கம்போல வரிசையில் நான் கடைசிக்கு முந்தின ஆள். எனக்குப் பின்னால் நுஸ்ரத் கான். முன்னால் தலைவர் வழி காட்டுவார், பின்னால் ஒருவர் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு வருவார். அந்தக் கடைசி ஆள் பொறுப்பு இவருடையது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயது. மனைவி இறந்து ஆறு வருடம். மூட்டுவலி என்று நான் மெதுவாக நடப்பதால், ஒரு வருடமாக நாங்கள் இரண்டு பேரும்தான் எல்லாருக்கும் பின்னால். மூட்டுவலி உண்மைதான். ஆனால் அவ்வளவு இல்லை. இது என் டைரி, இங்கே பொய் சொல்ல வேண்டியதில்லை.

இறங்கும் வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி என்னிடம் நீட்டினார். நீட்டியபடியே, பெண்களைக் கூப்பிடும் ‘கானும்’ என்ற மரியாதைச் சொல்லை விடாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“முனீரே கானும், இந்த டீயை நாம ரெண்டு பேரும் தினமும் ஒரே வீட்டுல குடிச்சா என்னன்னு யோசிச்சுப் பார்த்தேன். உங்களுக்குச் சம்மதமா?”

என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லியது: “வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்!”

கடவுளே. டீக்குச் சொல்வதைக் கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டேன்.

நம் ஊரில் யார் எதை நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வோம். தாரோஃப். பேச்சு வந்த நாளிலிருந்து கூடவே வந்த உபசாரம். என் ஊசிக்கு முன்னால் கூட வரிசையில் நிற்பவர்கள் “நீங்க முதல்ல”, “ஐயோ, நீங்க முதல்ல” என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்ட ஊர்.

இவர் இரண்டாம் தடவை கேட்டிருக்க வேண்டாமா? “சரிங்க” என்றார். பிளாஸ்க் மூடியைத் திருகினார். “போகலாமா? வெயில் இறங்குது” என்றார். அவ்வளவுதான். பஸ் நிற்கிற இடம் வரை நாற்பது நிமிஷம் — கேப்பார், இதோ கேப்பார், அந்த வளைவுல கேப்பார்னு காத்துக்கிட்டே நடந்தேன். கேக்கலை. ஏன்யா கேக்கலை? ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டா அதுக்குப் பேரு கேள்வியா?

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இஸ்ஃபந்த் 27, ஞாயிறு

மளிகைக்கடை ஹாஜியின் கையில் மூன்று தடவை குத்தினேன், நரம்பு கிடைக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஆவது இரண்டாம் முறை. முதல் முறை என் வீட்டுக்காரர் மன்சூர் இறந்த வாரம்.

இஸ்ஃபந்த் 29, செவ்வாய்

ஆப்பிள், பூண்டு, காடி, முளைவிட்ட கோதுமை எல்லாம் மேசையில் வைத்து, பத்ரியும் நானும் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆண்டு மாறும் நொடியில் பத்ரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன வேண்டிக்கிட்டே அண்ணி?” என்றாள். “எல்லாருக்கும் ஆரோக்கியம்” என்றேன்.

பொய். இன்னொரு தடவை கேட்கட்டும் என்றுதான் வேண்டினேன்.

பத்ரி என் நாத்தனார். மன்சூரின் ஒரே தங்கை. கீழ்வீட்டில் தையல் மிஷினும் அவளுமாக இருக்கிறாள். அண்ணன் போனதிலிருந்து, இந்த ஒன்பது வருடமும், காலையில் சூடான ரொட்டியை வாங்கி என் கதவில் மாட்டிவிட்டுப் போகிறவள். ஒரு நாள் தவறியதில்லை. நுஸ்ரத் கான் மறுபடி கேட்டு, நானும் சரி என்று சொல்லிவிட்டால், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? உன் அண்ணன் இடத்தில் இன்னொருவர் என்று எந்த வாயால் சொல்வேன்? இதையும் நினைத்துப் பார்த்தேன். பார்த்த பிறகும் வேண்டுதலை மாற்றிக்கொள்ளவில்லை.

ஃபர்வர்தீன் 5, ஞாயிறு

வந்தார்! புத்தாண்டு விசாரிப்புக்கு. விடுமுறை என்று போன வெள்ளி மலை நடை இல்லை, அதனால் பார்க்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, புதிதாய் மழித்த கன்னம். கையில் ஒரு பெட்டி அரிசி பிஸ்கட். என் வீட்டில் பத்ரியும் இருந்தாள்.

ஆரஞ்சுத் தட்டை நீட்டினேன். “வேண்டாங்க” என்றார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. இரண்டாம் தடவை நீட்டாமல் இருந்தால் இவர் என்ன செய்கிறார், பார்ப்போம். தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பத்ரி என்னைப் பார்த்த பார்வை! அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். இந்த வருடம் மழை பரவாயில்லை என்றார். பத்ரியிடம் தையல் மிஷினுக்கு எந்த எண்ணெய் போடுகிறீர்கள் என்று கேட்டார். கால் மணி நேரம் ஆனதும் எழுந்தார், வாழ்த்துச் சொன்னார், போனார். ஆரஞ்சை ஏக்கமாகப் பார்க்கக்கூட இல்லை. அந்த மனுஷனுக்கு நிஜமாகவே ஆரஞ்சு வேண்டாம்!

கதவைச் சாத்தியதும் பத்ரி பிடித்துக்கொண்டாள். “வந்த மனுஷனுக்கு ரெண்டாவது தடவை நீட்டலியே நீ! ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? உனக்கு என்ன ஆச்சு அண்ணி?”

“அவருக்குச் சர்க்கரை நூத்திப் பதினெட்டு” என்றேன்.

“அதெல்லாம் எப்படி மனப்பாடமா இருக்கு உனக்கு?” என்றாள். தேநீர்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

சரி, இப்போது புரிந்துவிட்டது. இந்த ஊரிலேயே ஒரே ஒரு ஆள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தம் வைத்திருக்கிறார். அதனால் நான் வேண்டாம் என்றதையும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். இவர் இனி ஜென்மத்துக்கும் இரண்டாம் தடவை கேட்கப் போவதில்லை.

ஃபர்வர்தீன் 6, திங்கள்

அந்த அரிசி பிஸ்கட் பெட்டியை நான் ஒருத்தியே தின்று முடித்தேன்.

ஃபர்வர்தீன் 13, திங்கள்

புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள், வழக்கப்படி வீட்டுக்குள் யாரும் இருக்கக்கூடாத நாள். ஊரே ஆற்றங்கரையில் ஜமக்காளம் விரித்திருந்தது. பத்ரி கபாப் கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் மலைக்கூட்டத் தலைவர் அர்தலான், பக்கத்து ஜமக்காளம். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். விடுமுறையிலும் கழுத்தில் விசில் தொங்கும்.

“வர்ற வெள்ளி நீல்பர் ஏரி. மறந்துடாதீங்க முனீரே கானும்” என்றார். “நுஸ்ரத் கானுக்கு அதுதான் கடைசி நடை.”

“ஏன்?”

“அதோட விலகிக்கறாராம். ‘கூட்டத்துல ஒருத்தங்களுக்கு நான் இருந்தா சங்கடமா இருக்கும், அவங்க சொல்லவும் மாட்டாங்க, நானே ஒதுங்கிக்கறதுதான் மரியாதை’ங்கறார். யாருன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“எனக்கென்ன தெரியும்” என்றேன்.

கபாபைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எனக்குச் சங்கடமாம். எனக்கு! வெள்ளிக்கிழமை எப்போ வரும்னு சனிக்கிழமையிலேர்ந்து எண்ணிக்கிட்டிருக்கறவளுக்குச் சங்கடமாம். நான் மரியாதைக்கு வேண்டாம் என்றேன், அவர் மரியாதைக்கு விலகிப் போகிறார். இரண்டு மரியாதையும் சேர்ந்து என்னை மறுபடி அந்தக் காலி வீட்டில் உட்கார வைக்கப் போகின்றன.

வெள்ளிக்கு அப்புறம் அவரை எங்கே பார்ப்பேன்? ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் கொடுக்க வருவார். கையை நீட்டுவார், பஞ்சை அழுத்திப் பிடிங்க என்பேன். அவ்வளவுதானா?

ஃபர்வர்தீன் 15, புதன்

முடிவு செய்துவிட்டேன். நானே கேட்கப் போகிறேன்.

பெண் போய்க் கேட்பதா? கேட்டால் என்ன, தலை போய்விடுமா? ஏரிக்கு ஏற நாலு மணி நேரம். வரிசையின் கடைசியில் நானும் அவரும் மட்டும். நாலு மணி நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா?

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. கீழேயிருந்து பத்ரி, “அண்ணி, யாரு வந்திருக்காங்க?” என்று கத்தினாள்.

ஃபர்வர்தீன் 16, வியாழன்

பை தயார். ரொட்டி, பாலாடைக்கட்டி, வாதுமை, அவித்த முட்டை ஆறு. ஒருத்திக்கு எதற்கு ஆறு முட்டை என்று பத்ரி கேட்கவில்லை. அவளும் வருகிறாள்.

ஃபர்வர்தீன் 17, வெள்ளி

உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முகம் வெயிலில் சிவந்து தோல் எரிகிறது. உதடு வெடித்திருக்கிறது. சிரிக்காமல் இருந்தால் வலிக்காது, ஆனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒழுங்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

விடியும்போது மினிபஸ் கிளம்பியது. சாலை முடிகிற கிராமத்தில் இறங்கினோம். பாதையெல்லாம் பனி உருகிய தண்ணீர், செருப்புக் கடையைத் திறந்துவிட்டதுபோல நாய்கள் எல்லார் காலையும் முகர்ந்தன. உஷ்துரான் மலை தலையிலிருந்து இடுப்பு வரை வெள்ளையாக நின்றது. இருபத்திரண்டு பேர். நான் எப்போதும்போல மெல்லப் பின்னால் நழுவிப் போய் நின்றுகொண்டேன். நுஸ்ரத் கான் தலையாட்டி வணக்கம் சொன்னார். கண்ணைப் பார்க்கவில்லை.

அர்தலான் விசில் ஊதினார்.

“முனீரே கானும்! இங்க வாங்க. எனக்குப் பின்னாடி.”

“நான் பின்னாலயே வர்றேனே.”

“இன்னைக்குப் பனியில நடக்கறோம். மூட்டு பலவீனமானவங்க தலைவருக்கு அடுத்த ஆளா வரணும். அதுதான் விதி. நீங்க நடக்கற வேகம்தான் எல்லாருக்கும் வேகம்.”

போலி மூட்டுவலிக்குக் கிடைத்த கூலி. முதல் ஆளுக்கு அடுத்த ஆள் நான். கடைசி ஆள் அவர். நடுவில் பத்தொன்பது பேர். பனியில் ஒற்றையடித் தடம், தலைவர் மிதித்த குழியில்தான் எல்லாரும் கால் வைக்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு ஷூ கயிறு அவிழ்ந்ததாகக் குனிந்தேன். நான் கட்டுவதற்குள் வரிசை என்னைத் தாண்டிப் போய்விடும் என்று கணக்கு. அர்தலான் கையை உயர்த்தினார். இருபத்திரண்டு பேரும் நின்றார்கள், என் ஷூ கயிற்றுக்காக! நன்றாக இருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அடுத்து, படம் எடுப்பதாகச் சொன்னேன். பனி உருகும் ஓரமெல்லாம் இலையே இல்லாமல் வெள்ளை வெள்ளையாகப் பூ முளைத்திருந்தது. நான் போனை எடுத்ததும் எல்லாரும் போனை எடுத்தார்கள். எல்லாரும் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் முன்னால் போகவில்லை.

கடைசி ஏற்றம் வந்தது. அதன் தலையில்தான் ஏரி. ஏறிவிட்டால் அங்கே இருபத்திரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பாடு, அப்புறம் இறக்கம். பேச வழியே இல்லை. சட்டென்று தடத்தை விட்டு ஓரமாக ஒதுங்கி, பனியில் முழங்கால் வரை புதைந்து நின்றேன்.

“நீங்க போங்க” என்றேன் எனக்குப் பின்னால் வந்த பல் டாக்டரிடம்.

“ஐயோ, நீங்க இருக்கும்போது நான் முன்னாடி போறதா? நீங்க போங்க.”

“இல்லை, நீங்க போங்க.”

“உங்க காலடிக்குப் பின்னாடி வர்றதே எனக்குப் பெருமை. போங்க கானும்.”

அவருக்குப் பின்னால் வந்த அம்மாள் எட்டிப் பார்த்து, “என்ன ஆச்சு? முனீரே கானும் முதல்ல போகட்டும், நாங்க நிக்கறோம்” என்றாள். அடுத்தவர், “அவசரமே இல்லை, மெதுவா போங்க” என்றார். கையைக் காட்டி, குனிந்து, நெஞ்சில் கை வைத்து, ஒருத்தர் பாக்கியில்லாமல் எனக்கு வழி விடுகிறார்கள். பனிச்சரிவில், நடு மலையில், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி! என் கால் உறைந்துகொண்டிருக்கிறது. அவர் அந்தக் கடைசியில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு பொறுமையாக நிற்கிறார்.

அர்தலான் மேலேயிருந்து கத்தினார். “என்ன பிரச்சினை? முனீரே கானும், ஏன் பின்னாடி போகணுங்கறீங்க?”

எனக்குள் என்னவோ அறுந்தது.

“எனக்கு நுஸ்ரத் கான்கிட்ட பேசணும்!” என்று கத்தினேன். “தனியாப் பேசணும்! இது தாரோஃப் இல்லை! எல்லாரும் தயவுசெஞ்சு என்னைத் தாண்டிப் போய்த் தொலைங்க!”

எங்கோ பனிக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். என் முகம் எப்படி இருந்ததோ, தெரியாது. காதெல்லாம் கொதித்தது.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். முதலில் தாண்டியவர் அவர்தான். தாண்டும்போது, மலையில் எதிர்ப்படுகிறவருக்குச் சொல்வதுபோல, “களைச்சுப் போகாதீங்க கானும்” என்றார். அடுத்த அம்மாள், “களைச்சுப் போகாதீங்க.” உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறாள். அடுத்தவர், “களைச்சுப் போகாதீங்க, கடவுள் தெம்பு குடுக்கட்டும்.” இப்படியே ஒவ்வொருத்தராக. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று நின்றேன்.

பத்ரி வந்தாள். நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். களைச்சுப் போகாதே என்றுகூடச் சொல்லவில்லை. குனிந்த தலையோடு தாண்டிப் போனாள். ஓடிப்போய் அவளைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் அவர் வந்துவிட்டார்.

வரிசை மேலே ஏறி மறைந்தது. முதலில் என் கையைப் பிடித்து இழுத்துத் தடத்தில் நிறுத்தினார். “கால் நனைஞ்சுடுச்சா?” என்றார்.

“அது கிடக்கட்டும். அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க.”

“ஆமா.”

“நான் வேண்டாம்னேன்.”

“ஆமா. அதுக்காக நீங்க சங்கடப்பட வேண்டாம். நான் இனிமே—”

“அது உபசாரத்துக்குச் சொன்னதுங்க! ஏன் ரெண்டாவது தடவை கேக்கலை? யாராவது முதல் தடவையே சரின்னு சொல்லுவாங்களா?”

கைத்தடியால் பனியில் ஒரு நீளக் கோடு கிழித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “முப்பத்தோரு வருஷம் ஸ்டேஷன்ல இருந்தேன். ஒத்தைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, வண்டி அனுப்பலாமான்னு கேப்போம். வேண்டாம்னா வேண்டாம்தான். சும்மா மரியாதைக்குச் சொல்றாங்க போலன்னு நெனச்சு அனுப்பினா, ரெண்டு வண்டியும் மோதிக்கும். எனக்கு அப்படியே பழகிப் போச்சு.”

“நான் வண்டியா?” என்றேன்.

“இல்லைங்க” என்றார் பதறிப்போய்.

கோபம், அழுகை, சிரிப்பு மூன்றும் சேர்ந்து வந்தன. கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த வாக்கியம் மறந்தே போய்விட்டது. வந்ததைச் சொன்னேன்: “சரி, நான் கேக்கறேன். நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கலாமா?”

அவர் நிமிர்ந்தார். “வேண்டாங்க” என்றார். “உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

போச்சு என்று நினைத்தேன். இவருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தானே. கீழே எப்படி இறங்குவது, நாளை எப்படி எழுந்து வேலைக்குப் போவது என்றெல்லாம் ஒரு நொடியில் ஓடிவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், அவருடைய மீசை ஆடுகிறது. அடக்கி அடக்கி, முடியாமல், தோள் குலுங்குகிறது.

“ஒண்ணு ஆச்சு” என்றார். “இன்னும் ரெண்டு தடவை கேக்கணும் நீங்க. ஊர் வழக்கம் அதுதானேங்க?”

இரண்டு கையாலும் பனியை அள்ளி அவர் முகத்தில் அடித்தேன். கோட்டுக் காலருக்குள் போகட்டும் என்றே அடித்தேன். “இருக்கலாமா?” என்றேன். “வேண்டாங்க, வேண்டாங்க” என்றார் பனியைத் துடைத்துக்கொண்டு. மூன்றாம் தடவை என் குரல் எனக்கே தெரியாமல் உச்சத்துக்குப் போய்விட்டது: “ஒரே வீட்டுல இருக்கலாமா, வேண்டாமா?”

“நீங்க இவ்வளவு வற்புறுத்தறதால—” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. குரல் உடைந்துவிட்டது. “இருக்கலாம் முனீரே” என்றார். கானும் இல்லை. வெறும் முனீரே.

அந்த நேரத்தில் மேலேயிருந்து குலவைச் சத்தம் வந்தது. நெடிய, கணீரென்ற குலவை. நிமிர்ந்து பார்த்தால் ஏற்றத்தின் விளிம்பில் இருபது தலையும் வரிசையாக எட்டிப் பார்க்கின்றன. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள், படுபாவிகள். குலவை போடுவது யார் என்று பார்த்தேன்.

பத்ரி.

மூச்சு வாங்க நான் மேலே போய்ச் சேர்ந்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “ஏண்டி என்கிட்ட சொல்லலை?” என்று அழுதாள். “ஒன்பது வருஷமா ஒருத்தி தனியா உக்காந்து ரொட்டி திங்கறதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சே? கீழ நீ என்னை ஒரு பார்வை பார்த்தே, திருடி மாதிரி. அதான் பேச வாய் வரலை.”

“உன் அண்ணன்...” என்றேன்.

“எங்க அண்ணன் நல்லவன். நீ அழுதுக்கிட்டு இருக்கணும்னு என்னைக்காவது நினைச்சிருப்பானா?”

“இனிமே என்னை எப்படிக் கூப்பிடுவே?”

“அண்ணின்னுதான். வேற எப்படிக் கூப்பிடறதாம்?” மூக்கை என் சால்வையில் துடைத்தாள்.

அதற்கப்புறம்தான் ஏரியையே பார்த்தேன். நடுவில் இன்னும் பனிக்கட்டி. கரையோரம் மட்டும் உருகி, சுற்றிலும் ஒரு நீல வளையம். அதில் வானம், மலை, எங்கள் தலைகள் எல்லாம் தலைகீழாக. காற்றே இல்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், கோடையில், கூட்டத்தில், தர்பூசணித் தோலுக்கு நடுவில். இது வேறு ஏரி.

சட்டியில் கீரையும் நூடுல்ஸும் பயறும் போட்டுக் கொதிக்கும் ஆஷ். ஏரித் தண்ணீரில் புகைக் கெட்டில் டீ. ஆறு முட்டையில் நாலு அவருக்கு. பல் டாக்டர் எழுந்து, இந்தக் கூட்டத்தின் வரலாற்றிலேயே வரிசையின் கடைசியில் இப்படி ஒன்று நடந்ததில்லை என்று பேச ஆரம்பித்தார். பத்ரி அவர் வாயில் ரொட்டியைத் திணித்தாள். அர்தலான் என்னிடம் ரகசியமாக, “மூட்டு எப்படி இருக்கு?” என்றார். நான் ஏரியைப் பார்த்தேன்.

வெயில் ஏறிப் பனி இளகுவதற்குள் இறங்க வேண்டும் என்று விசில். சரிவில் நைலான் சாக்கை விரித்து உட்கார்ந்து எல்லாரும் சறுக்கினார்கள். என்னையும் உட்கார வைத்தார்கள். முன்னால் நான், பின்னால் அவர். நான் போட்ட கூச்சலில் எதிர்மலை கூச்சல் போட்டது. பாதியில் கவிழ்ந்து, அவர் தொப்பியும் என் சால்வையும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

தண்ணீர் ஆறிவிட்டது. எழுந்து போய் முகத்துக்கு ஏதாவது தடவ வேண்டும்.

ஃபர்வர்தீன் 18, சனி

இஸ்ஃபஹானில் இருக்கும் என் மகள் ஷீவாவுக்குப் போன் செய்தேன். நாலு தடவை சுற்றி வளைத்து, பருவநிலை பற்றியெல்லாம் பேசிவிட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

“யாரு, பிளாஸ்க் மாமாவா?” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அம்மா, ஒரு வருஷமா நீ போன்ல மலையைப் பத்தியா பேசினே? ‘நுஸ்ரத் கான் இப்படிச் சொன்னார், நுஸ்ரத் கான் அப்படிச் சொன்னார்.’ நான் எப்பவோ அவரைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிச்சாச்சு. நல்லவராம்.”

போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். நல்ல அழுகை.

ஊர்திபெஹெஷ்த் 4, செவ்வாய்

கல்யாணப் பதிவுக்கு இருவரும் இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். அவர் சீட்டோடு வந்து என் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தார். ஆய்வுக்கூடமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.

“வலிச்சுதா?”

“வேண்டாங்க” என்றார். பயத்தில் கேள்வியே காதில் விழவில்லை.

மெஹர் 20, வெள்ளி

இரவு பெய்த மழையால் இன்று மலை நடை இல்லை. ஷீவா வந்திருக்கிறாள், கல்யாணத்துக்கப்புறம் நான் குடிவந்த நுஸ்ரத்தின் வீட்டுக்கு முதல் தடவையாக. பத்ரி மாதுளம்பழம் கொண்டுவந்தாள். நாலு பேருமாக மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பாதிச் சாப்பாட்டில் ஷீவா திடீரென்று தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தட்டுகளெல்லாம் கடகடவென்று ஆடின.

நுஸ்ரத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு நிமிஷம் லேட்” என்றார்.

“யாரு?” என்றேன் நான்.

ஷீவா என்னை விநோதமாகப் பார்த்தாள். “அம்மா, ஜன்னலுக்கு வெளியில முழு சரக்கு ரயிலே போகுது. உனக்குக் கேக்கலியா?”

வந்த புதிதில் என்னைத் தூங்கவிடாத வண்டி அது, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது.